ஜெனிவாக் காகிதம் நம்மூரில் செல்லுமா?

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள், பக்கத்து மில் மேனேஜர்கள் சொல்கிறார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் தவறாமல் வருகிறது: "ஐ.நா.வில் இந்தியா கையெழுத்துப் போட்டதெல்லாம் வெறும் காகிதம். அதுக்கும் நம்மூருக்கும் என்னங்க சம்பந்தம்?" சம்பந்தத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்படிக் கேட்கிற ஐ.டி. ஊழியர் பாலியல் தொல்லையைத் தடுக்கத் தம் கம்பெனி நடத்தும் 'போஷ்' பயிற்சியை வருடந்தோறும் முடித்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பயிற்சி எங்கிருந்து முளைத்தது என்று ஒரு நாளாவது யோசித்தாரா? 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன கிராமப் பெண் பணியாளர் ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். 'விசாகா' உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கத் தனிச் சட்டம் அன்று நாட்டில் கிடையாது. 1997 ஆகஸ்ட் 13 அன்று நீதிபதிகள் ஜே.எஸ்.வர்மா, சுஜாதா மனோகர், பி.என்.கிர்பால் ஆகியோர் கையில் எடுத்தது, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை. 'சீடா' எனப்படும் அதை இந்தியா 1993இல்தான் ஏற்புறுதி செய்திருந்தது. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளோடு அதைச் சேர்த்துப் படித்து அவர்கள் வகுத்த நெறிமுறைகள்தாம் அடுத்த 16 ஆண்டுகள் சட்டமாக நின்றன. 2013இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தன் முகவுரையிலேயே அந்த உடன்படிக்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்பது அந்தக் 'காகிதத்தின்' பேரப்பிள்ளை.

"அது நீதிமன்றம் செய்தது, ஐ.நா. செய்யவில்லையே" என்று உடனே மடக்குவார்கள். பாதி சரி. நம் நாட்டில் சர்வதேச ஒப்பந்தம் தானாகச் சட்டமாகிவிடாது. சட்டமாக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. உள்நாட்டுச் சட்டம் தெளிவாக வேறு சொன்னால் உள்நாட்டுச் சட்டமே நிற்கும். ஆனால் சட்டம் வாய் திறக்காத இடத்தில் நீதிபதி ஊன்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். 1997இல் அந்த ஊன்றுகோல் சீடா. கொங்குக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி நொய்யல் ஆறு. 1992இல் ரியோ டி ஜெனிரோவில் ஐ.நா. மாநாடு ஒன்று வெளியிட்ட பிரகடனம் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்கூடக் கிடையாது. ஆனாலும் 1996இல் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதே கோட்பாட்டை 2009இல் நொய்யலைக் கெடுத்த திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல் வைத்தது. கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூரே ஸ்தம்பித்தது. வெறும் காகிதம் என்பவர்கள் அந்த மாதங்களில் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகாமலும் இது வேலை செய்யும். திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் 2021இல் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் தொழிற்சாலை நிர்வாகமும் வெளிநாட்டு பிராண்டான எச் அண்ட் எம்மும் கையெழுத்திட்ட 'திண்டுக்கல் ஒப்பந்தம்' பிறந்தது. அந்த ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்கை நிறுத்திவைத்து, செப்டம்பரில் தடையை நீக்கியது. நீக்குவதற்கு முன் சரிபார்த்தது எதை? கட்டாய உழைப்புக்கு ஜெனிவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. வகுத்திருக்கும் குறியீடுகளை. டாலருக்குப் பயந்துதான் எல்லாம் நடந்தது என்பீர்கள். இருக்கட்டும், அளவுகோல் ஜெனிவாவில் செய்தது.

இங்கேதான் அடுத்த வதந்தி கிளம்பும்: "இதெல்லாம் நம்ம ஏற்றுமதியைக் கெடுக்க வெள்ளைக்காரன் செய்யும் சதி." காலையில் செல்லாக் காகிதம், மாலையில் சர்வதேசச் சதி! இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு வாருங்கள். 1919இல் ஐ.எல்.ஓ. தொடங்கியபோதே இந்தியா அதன் உறுப்பினர். அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் உட்கார்ந்து வாக்களிக்கும் சபை அது; அங்கே இந்திய முதலாளிகள் சார்பில் போனவர்களில் ஒருவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ஆண்களை மட்டும் குறித்த சொல்லை மாற்றி மனிதர் அனைவரையும் குறிக்க வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. அதே சமயம், நம் சரக்கை நிறுத்திய அமெரிக்கா சீடாவை இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. இந்த இரட்டை வேடத்தைச் சுட்டுகிறவர்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் அவர்கள் வந்து சேரும் முடிவு தப்பு. ஒற்றை நாட்டின் சுங்க அதிகாரி நமக்கு நீதிபதியாக இருப்பதைவிட, நாமும் வாக்களித்து எழுதிய விதி எல்லோரையும் கட்டுவது மேல். பன்னாட்டு அமைப்புகள் பலவீனமானால் மிஞ்சப்போவது பணக்கார நாடுகளின் தனிச்சட்டம் மட்டுமே.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. "இலங்கைப் போர்க்குற்றவாளிகளை ஹேக் கோர்ட்டில் நிறுத்தலாமே": ஹேக்கில் இருப்பது இரண்டு. நாடுகளுக்கிடையிலான வழக்குக்கு ஒன்று, தனிமனிதர்களை விசாரிக்க இன்னொன்று. இரண்டாவதில் இலங்கையும் உறுப்பினர் இல்லை, இந்தியாவும் இல்லை. பாதுகாப்புச் சபை அனுப்பினால் ஒழிய அந்தக் கதவு திறப்பது கடினம், அங்கே வீட்டோ உட்கார்ந்திருக்கிறது. அதற்காக எல்லாம் முடிந்தது என்பதும் பொய். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 2021ஆம் ஆண்டுத் தீர்மானம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க ஏற்பாடு செய்தது. அப்படித் திரட்டியவை வேறு நாட்டு நீதிமன்றத்திலும் உதவும்: சிரியாவின் சித்திரவதை அதிகாரி ஒருவருக்கு 2022இல் ஆயுள் தண்டனை கொடுத்தது ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகர நீதிமன்றம். அங்கும் சாட்சியங்கள் முன்கூட்டியே திரட்டி வைக்கப்பட்டிருந்தன. அடுத்து, "மனித உரிமை ஆணையம் பரிந்துரைக்க மட்டும்தான் செய்யும்": தமிழ்நாட்டில் இது பழைய கதை. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது.

நான் விடாமல் கேட்டுவரும் ஒன்று பாக்கி. 2019 ஜூனில் ஐ.எல்.ஓ. 190ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலை உலகில் வன்முறையையும் தொல்லையையும் ஒழிப்பதற்கானது அது. இந்திய அரசு ஆதரித்து வாக்களித்தது. ஏற்புறுதி மட்டும் செய்யவில்லை. முதலாளி கொடுக்கும் தங்குமிடமும், வேலைக்குப் போய்வரும் வழியும் அந்த உடன்படிக்கைக்குள் வருகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலை விடுதிகளில் எத்தனை இளம்பெண்கள் காலம் கழிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி வண்டியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, மில் விடுதியை அப்படிச் சேர்க்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்க எந்தச் சதியும் வேண்டாம், டெல்லியின் ஒரு கையெழுத்தும் அதன்படி ஒரு திருத்தமும் போதும். தொகுதி எம்.பி.யைப் பார்த்தால் இதைக் கேளுங்கள். அதற்குமுன், உங்கள் கம்பெனியில் உள்ளகப் புகார்க் குழுவை அமைத்த உத்தரவு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுவது 19ஆவது பிரிவுப்படி கட்டாயம். குழுவே அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. அந்த உத்தரவைக் காணவில்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.