அளவுகோலும் அளக்கப்படும் மனமும்

மனித மனத்தின் இயல்பை ஆராய்வது உளநூல். அத்துறை நூல்களில் ‘மனிதன் இவ்வாறு காண்கிறான், இவ்வாறு எண்ணுகிறான்’ என்னும் முடிபுகளை நாள்தோறும் படிக்கிறோம். அந்த ‘மனிதன்’ யார்? அமெரிக்க உளநூற் கழகத்தின் ஆறு இதழ்களில் 2003 முதல் 2007 வரை வெளிவந்த ஆராய்ச்சிகளை ஆர்னெட் என்னும் அறிஞர் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார். சோதனைக்கு எடுத்துக்கொண்ட குழுக்களில் நூற்றுக்கு 68 அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஏனைய மேலைநாடுகளையும் கூட்டினால் ஏறத்தாழ 96 ஆகும். உலக மக்களிலோ அந்நாடுகளில் வாழ்வோர் நூற்றுக்கு 12 பேரே.

ஒரு சமுதாயத்தின் வழக்கத்தை மனித இயற்கை என்று கொள்வதும், அதனின் வேறுபட்டதைக் குறை என்று கூறுவதும் பண்பாட்டுச் சாய்வாகும். யாரைச் சோதிக்கிறோம், எதைக் கொண்டு சோதிக்கிறோம், விடைக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்னும் மூன்று வாயில்கள் வழியாக அது ஆராய்ச்சிக்குள் புகுகிறது.

முதல் வாயிலுக்கு முல்லர்-லையர் கோடுகள் சான்று. சம நீளமுள்ள இரு கோடுகளில் ஒன்றன் முனைகளில் அம்புத்தலைகளையும், மற்றதன் முனைகளில் வெளிப்புறம் விரியும் சிறகுகளையும் வரைந்தால், சிறகுடைய கோடு நீண்டதாகத் தோன்றும். இது எல்லோர் கண்ணுக்கும் பொது என்றே கருதினர். 1898-ல் டாரஸ் நீரிணைத் தீவுகளிலும், பின்னர் நம் நீலகிரியில் தோடரிடமும் ரிவர்ஸ் இதனைச் சோதித்தார். இரு மக்களும் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தனர். சீகல் முதலிய மூவர் 1966-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கலகாரிப் பாலைநிலத்துச் சான் மக்கள் ஏறத்தாழ ஏமாறவே இல்லை. அமெரிக்க மாணவருக்கோ, ஒரு கோடு மற்றதைவிட ஐந்தில் ஒரு பங்கு நீண்டிருந்தால்தான் இரண்டும் சமமாகத் தோன்றின. செங்கோணச் சுவர்களிடையே வளர்ந்த கண்ணின் பழக்கமே காரணம் என்றனர் சிலர்; அதனை மறுப்போரும் உளர். வழக்கு முடியவில்லை. ஆயினும் பலரையும் சோதித்ததனால்தான் இப்படி ஒரு கேள்வியே பிறந்தது.

இரண்டாம் வாயில் கருவி. இதன் விளைவு கொடிது. முதல் உலகப் போரின்போது, அமெரிக்கப் படையில் ஏறத்தாழ பதினேழரை இலட்சம் பேருக்கு யெர்க்ஸ் தலைமையில் அறிவுச் சோதனை நடந்தது. எழுத்தறியாதவர்க்கும் ஆங்கிலம் அறியாதவர்க்கும் படச் சோதனை தந்தனர். அதில் என்ன படங்கள்? வலையில்லாத டென்னிஸ் ஆடுகளம், குழல் இல்லாத இசைத்தட்டுப் பெட்டி! விடுபட்டதை வரைய வேண்டும். டென்னிஸையே கண்டிராத இத்தாலிய உழவன் எதை வரைவான்?

அம்மதிப்பெண்களை ஆராய்ந்து பிரிகம் 1923-ல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறியவர்கள் அண்மையில் வந்தவர்களைவிட மிகுதியான மதிப்பெண் பெற்றிருந்தனர். அந்நாட்டு வாழ்வோடு பழகப் பழக மதிப்பெண் உயர்கிறது என்பதே நேரிய விளக்கம். அவரோ, பின்னர் வந்தவர்கள் அறிவில் தாழ்ந்த இனத்தினர் என்று முடிவு கட்டினார். குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டம் 1924-ல் வந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் இத்தகைய ‘அறிவியல்’ அன்றைய வெறுப்புக்குத் துணை நின்றது. 1930-ல் பிரிகம் தம் முடிபுகளைத் தாமே மறுத்தார். மூடிய கதவு அதனால் திறந்துவிடவில்லை.

மூன்றாம் வாயில் பொருள்கோள். லைபீரியாவின் கெபெல்லே உழவரிடம் உணவு, உடை, கருவி, சமையற்கலம் என நால்வகைப் பொருள்களைக் கலந்து கொடுத்து, ஒத்தவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள் கோல், கிளிக் முதலிய ஆராய்ச்சியாளர். உழவர் கத்தியைக் கிழங்கோடு வைத்தனர். கிழங்கை நறுக்குவது கத்தி அல்லவா! வகைபிரிக்கும் ஆற்றல் இல்லை என்று எழுதிவிட்டு எழுந்திருக்கலாம். ‘அறிவிலி ஒருவன் எப்படி வைப்பான்?’ என்று கேட்டபோதோ, உணவு ஒருபுறம், கருவி ஒருபுறம் என அழகாகப் பிரித்து வைத்தார்களாம்! ஆற்றல் இருந்தது, எது அறிவுடைமை என்பதில்தான் இருவர்க்கும் வேறுபாடு. குவித்த அரிசி எத்தனை குவளை இருக்கும் என மதிப்பிடுவதில் இதே மக்கள் அமெரிக்கரை விஞ்சினர்.

இவற்றால் மனத்தை அளக்கவே இயலாது என்று கொள்ளலாகாது. அளவுகோலையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதே பாடம். வினாக்களை மொழிபெயர்த்தபின், மற்றொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிட வேண்டும். சோதனைப் பொருள்கள் அவ்வூரார் கையாள்பவையாக இருக்க வேண்டும். பினேயின் சோதனையைக் காமத் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் திருத்தியது இந்நாட்டு முன்மாதிரி. மதிப்பெண் குறைந்தால் ஆளைக் குறைகூறுமுன் வினாவைத் திரும்பப் படிக்க வேண்டும்.

இது மேலைநாட்டார்க்கு மட்டும் உரிய குறையுமன்று. சோதனைக்கு ஆள் வேண்டுமெனில் நாமும் விடுதி அறைகளின் கதவைத்தான் தட்டுகிறோம். ஆங்கிலம் அறிந்த அறுபது மாணவரைச் சோதித்துவிட்டு, ‘இந்தியர்’ என்று தலைப்பிடுகிறோம். வீட்டில் தமிழும் பள்ளியில் இந்தியும் பேசும் கூலித் தொழிலாளியின் குழந்தை இவ்வடபுலத்து நகரங்களில் உண்டு. அக்குழந்தைக்குப் புரியாத மொழியில் வினாத்தாள் நீட்டி, மந்தபுத்தி என்று சான்றிதழ் எழுதினால், அக்குழந்தையின் பள்ளி வாழ்வே திசை மாறிவிடும். நாளை அச்சான்றிதழில் கையெழுத்திடப் போகிறவர்கள் நம்மில் சிலர். ஆதலின், யாரைச் சோதித்தோம், எம்மொழியில் சோதித்தோம் என்பதை ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதும் பழக்கத்தை இன்றே மேற்கொள்வோமாக.