மேலிருந்து அளந்து இறங்கு, தம்பி

தம்பி, ஓக்லாண்ட் மலைச்சரிவில் உன் வீட்டு அஸ்திவாரம் முடிந்த போட்டோ பார்த்தேன். நாலு படியாக இறங்குகிறது. இனி அதன்மேல், தரைச்சட்டம் வரை, குட்டையான மரச்சுவர்தானே? ரம்பத்தை எடுக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள்.

கான்கிரீட் படி மட்டமாக இருக்கும் என்று நம்பாதே. சுவரின் மேல்மட்டத்தை லேசர் வைத்து முழு நீளத்துக்கும் ஒரே கோடாகக் குறி. நம்ம ஊர் கொத்தனார் டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பாரே, அது இருந்தாலும் போதும். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் (சுவரில் நிற்கும் கட்டைக்கும்) தனித்தனியாகக் கீழே அளந்து வெட்டு. என் முதல் சைட்டில் படிக்கு ஒரே ஒரு அளவு எடுத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். மூன்றாம் படி ஒரு கோடியில் முக்கால் இஞ்ச் தாழ்ந்திருந்தது. ஸ்டட்டுகளின் தலையில் படுக்கும் மேல் பிளேட்டை நேராக வைத்ததும் அதற்கும் ஸ்டட்டுக்கும் நடுவே விரல் நுழைந்தது. இரண்டு நாள் வேலையைப் பிரித்துப் போட்டோம்.

ஸ்டட்டுகளின் 16 இஞ்ச் இடைவெளியையும் படிக்குப் படி புதிதாக ஆரம்பிக்காதே. வீட்டின் ஒரு மூலையில் டேப்பை மாட்டி, கடைசிப் படி வரை ஒரே ஓட்டமாகக் குறி. அப்போதுதான் சுவரை மூடும் 4 அடி பிளைவுட்டின் விளிம்பு ஸ்டட்டின் நடுவில் உட்காரும்.

கான்கிரீட்மேல் படுக்கும் பிளேட் மருந்தேற்றிய மரமாக இருக்கட்டும். மருந்தில் செம்பு இருப்பதால் சாதாரண ஆணியை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி வாங்கு. படி மாறும் இடத்தில் பிளேட்டும் துண்டாகிறது, பார். ஒவ்வொரு துண்டுக்கும் குறைந்தது இரண்டு ஆங்கர் போல்ட் வேண்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 12 இஞ்சுக்குள் ஒன்று, இடையில் 6 அடிக்கு மிகாமல். சின்னப் படியில்தான் இது விட்டுப்போகும். இன்றே போய் எண்ணிப் பார். குறைந்தால் இன்ஜினியரைக் கேட்டுத் துளைபோட்டு எபாக்ஸியில் வைக்கலாம்.

பிளைவுட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதேடா. 1989 லோமா ப்ரியெட்டா, 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கங்களில் பல பழைய வீடுகள் அஸ்திவாரத்தைவிட்டு நழுவியது பிளைவுட் இல்லாத இந்த மாதிரிக் குட்டைச்சுவர் மடங்கியதால்தான். ஸ்டட் 14 இஞ்சுக்கும் குறைவாக வரும் இடத்தில் பிளைவுட்டை இடைவிடாமல் அடி, இல்லையென்றால் முழுக்கட்டை வைத்தே அடைத்துவிடு. 4 அடிக்கு மேல் உயரும் கீழ்ப்படியில், மேலே இன்னொரு மாடி இருப்பதாகக் கணக்குவைத்து ஸ்டட்டின் அளவைத் தேர்ந்தெடு.

மேல்படியில் தரைச்சட்டம் நேராகப் பிளேட்டில் உட்காரும். பக்கத்துக் குட்டைச்சுவரின் மேல் பிளேட் அதோடு சேரும் மூட்டு, கண்ணுக்குத் தெரியாத பலவீனம். இரண்டு பக்கமும் 48 இஞ்ச் இரும்புப் பட்டை போட்டு, மூட்டுக்கு இந்தப்புறம் 8, அந்தப்புறம் 8 ஆணி அடி. பிளானில் இன்ஜினியர் கூடுதலாகக் கேட்டிருந்தால் அதுதான் கணக்கு.

பிளைவுட் மூடும் முன் போல்ட் நட்டுகளை மறுபடி ஒரு சுற்று இறுக்கு. மரம் காயக் காய அவை தளரும். சனிக்கிழமை என் லேசரோடு வருகிறேன். அதுவரை ஒரு ஸ்டட்கூட வெட்டாதே.