பெண்ணியம் பேசுகிறாள் என்று கண்டிப்பதற்கு முன்
(தியாகதுருகத்தில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கிறேன்.

 

சில நாட்களுக்கு முன் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், என் மகள் காலேஜுக்குப் போனதிலிருந்து பெண்ணியம் பேசுகிறாள். வர்ற ஜும்ஆவுல அதைக் கண்டிச்சு பயான் பண்ணுங்க" என்றார். "அப்படி என்ன பேசுகிறாள்?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எங்க அத்தா விட்டுட்டுப் போன நிலத்துல மாமிக்கு ஏன் பங்கு கொடுக்கலைன்னு கேக்குறா."

சகோதரர்களே, அந்தப் பெண் கேட்டது பெண்ணியம் அல்ல, ஃபராயிள். சூரத்துன் நிஸா அவளுக்கு முன்பே கேட்ட கேள்வி அது. தகப்பனுக்கோ இது வெளியூரிலிருந்து வந்த கொள்கையாகத் தெரிகிறது. ஆகவே, எதை நாம் மறுக்க வேண்டும், எதை மறுத்தால் அல்லாஹ்விடம் மாட்டிக்கொள்வோம் என்பதை இன்று பிரித்துப் பார்ப்போம்.

தீவிரப் பெண்ணியம் என்றால் என்ன?

பெண்களுக்குப் படிப்பு வேண்டும், ஓட்டுரிமை வேண்டும், சொத்து வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லாரும் தீவிரப் பெண்ணியவாதிகள் அல்ல. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு தரப்பு எழுந்தது. சட்டத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, ஆணாதிக்கம்தான் எல்லா அடக்குமுறைக்கும் வேர், திருமணமும் குடும்பமும் அந்த வேரைக் காப்பாற்றுகின்றன என்று அவர்கள் சொன்னார்கள். 1970இல் கேட் மில்லட், ஷுலமித் ஃபயர்ஸ்டோன் ஆகியோரின் நூல்கள் வந்தன. பிள்ளை பெறும் சுமையிலிருந்தே பெண்ணைத் தொழில்நுட்பம் விடுவிக்க வேண்டும் என்பது வரை ஃபயர்ஸ்டோன் போனார்.

இது அமெரிக்கச் சரக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தமிழகத்தில் பெரியார், பெண் விடுதலைக்குப் பிள்ளைப்பேறே தடையாக இருக்கிறது என்று எழுதினார். அந்தக் கட்டுரைகள் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற நூலாக வந்தன. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

இவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. 1983இல் ஆண்ட்ரியா டுவர்க்கின், கேத்தரின் மெக்கின்னன் என்ற இரு தீவிரப் பெண்ணியவாதிகள், ஆபாசப் படங்களால் பாதிக்கப்பட்ட பெண்கள் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் ஒரு சட்டத்தை மினியாபொலிஸ் நகருக்காக எழுதினார்கள். அதை எதிர்த்தவர்களில் வேறு பெண்ணியவாதிகளும் இருந்தார்கள். ஆபாசம் பெண்ணை இழிவுபடுத்துகிறது என்பதில் நாம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அந்த இருவரும் நிற்கிறார்கள். ஆகவே, பெயரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நம்மிடையே மூன்று போக்குகள்

முதல் தரப்பு, பெண் வாயைத் திறந்தாலே அது மேற்கத்திய நோய் என்கிறது. இரண்டாம் தரப்பு, அந்தக் கொள்கை சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, மார்க்கச் சட்டங்களே ஆண்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை என்கிறது. மூன்றாம் தரப்பு, கொள்கையை ஒரு பக்கமும் முறையீட்டை ஒரு பக்கமும் வைத்து இரண்டையும் தனித்தனியே விசாரிக்கிறது. நபிவழி இந்த மூன்றாவதுதான்.

கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லாத இடங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். திருமணம் அடிமைச் சங்கிலி அல்ல. அது அன்பும் கருணையும் வைக்கப்பட்ட அமைதியின் இடம் என்கிறது குர்ஆன் (30:21). தாய்மை தண்டனை அல்ல. ஒரு மனிதர் தன் நல்லுறவுக்கு அதிகத் தகுதி உடையவர் யார் என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை தாயைச் சொல்லி, நான்காவதாகத்தான் தந்தையைச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆணும் பெண்ணும் எதிரெதிர் வர்க்கங்கள் அல்லர். முஃமினான ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் உற்ற துணைவர்கள் (9:71).

ஆனால் முறையீடு வேறு. அதைக் கேட்டே ஆக வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கேட்டார்கள்?

கணவன் தன்னைத் தாய்க்கு ஒப்பிட்டு ஒதுக்கிவிட்டதாக கவ்லா (ரலி) அவர்கள் வந்து வாதாடினார்கள். அதே வீட்டில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சரியாகக் கேட்காத அந்தப் பேச்சை அல்லாஹ் கேட்டான். சூரத்துல் முஜாதலாவின் தொடக்கம் அதுதான்.

உஹதில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்று முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் (திர்மிதீ, அபூதாவூத்).

விருப்பமில்லாமல் தந்தை கட்டிவைத்த திருமணத்தை கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களுக்காக ரத்துச் செய்தார்கள். பரீரா (ரலி) அவர்களிடம் கணவருக்காகப் பரிந்து பேசினார்கள். "இது கட்டளையா?" என்று அவர் கேட்டபோது, பரிந்துரைதான் என்றார்கள். அவர் மறுத்தார், அவர்கள் வற்புறுத்தவில்லை (புகாரி). அல்லாஹ்வின் தூதரிடமே ஒரு பெண் மறுத்துச் சொல்ல முடிந்தது. நம் ஜமாஅத் அலுவலகத்தில் அப்படிச் சொல்ல முடிகிறதா?

கதவை அடைத்தால் என்ன நடக்கும்?

நம் நாட்டின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஷரீஅத் காழிகள் இல்லாமல் போனார்கள். கணவன் காணாமல் போனாலும், சோறு போடாமல் அடித்தாலும், ஹனஃபீ சட்டப்படி திருமணத்தைக் கலைத்துக்கொள்ள அன்று பெண்ணுக்கு வழி கிடைக்கவில்லை. சில பெண்கள், மதம் மாறினால் திருமணம் முறியும் என்று அறிந்து, இஸ்லாத்தை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார்கள். நினைத்துப் பாருங்கள். ஒரு கொடிய கணவனிடமிருந்து தப்பிக்க ஈமானையே விலையாகக் கொடுத்தார்கள்.

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் அந்தப் பெண்களைத் திட்டுவதோடு நிற்கவில்லை. மதீனாவின் மாலிக்கீ ஆலிம்களிடம் எழுதிக் கேட்டு, 1930களின் தொடக்கத்தில் "அல்ஹீலதுந் நாஜிஸா" என்ற நூலை வெளியிட்டார்கள். இந்தப் பிரச்சினையில் மாலிக்கீ மத்ஹபின் தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று வழி காட்டினார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1939இன் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வந்தது. கணவன் நான்கு ஆண்டுகள் காணாமல் போனால், இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டால், கொடுமை செய்தால், பெண் நீதிமன்றத்தில் திருமணத்தை ரத்துச் செய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1937இல் வந்த ஷரீஅத் சட்டமும், ஊர்வழக்கம் என்ற பெயரில் பெண்களுக்குப் பங்கு மறுக்கப்பட்டதைத் தடுக்க வந்ததுதான்.

நம் காலத்துக்கு வருவோம். 2000களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் என்ற சகோதரி பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். பெண்களுக்குத் தனிப் பள்ளிவாசல் கட்டப்போவதாகவும் அறிவித்தார். அவருடைய எல்லாக் கருத்துக்கும் நாம் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் பெண்கள் கொண்டுவந்த முறையீடு என்ன? "எங்கள் வழக்கை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள், நாங்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறோம்." இந்த முறையீடு பொய் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

நம் ஊர் மலைக்கோட்டையைத் தினமும் பார்க்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காகச் சண்டையிட்டார்கள். கோட்டையை முற்றுகையிடுபவன் வெளியே இருப்பான். ஆனால் உள்ளே இருப்பவருக்குத் தண்ணீரும் தானியமும் இல்லையென்றால், கதவை உள்ளிருப்பவரே திறந்துவிடுவார். நம் பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் அஞ்ச வேண்டியது இதைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, வாரிசுப் பங்கு. 2 ஏக்கர் 40 சென்ட் நிலத்தை விட்டு ஒருவர் மௌத்தானார். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள் என்று வையுங்கள். கடனும் வஸிய்யத்தும் போக, மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 30 சென்ட். மீதியில் மகனுக்கு 140, மகளுக்கு 70. "கல்யாணத்தில் நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்று அந்த 70 சென்டைக் கழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. தங்கச்சியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், அண்ணன் உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வைப்பது விருப்பம் ஆகாது. முதலில் அவளுடைய பங்கை அவள் கையில் கொடுங்கள். பிறகு அவளாக மனமுவந்து தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு, கைக்கூலி. மஹர் ஆண் கொடுக்க வேண்டியது (4:4). நிக்காஹ் பதிவேட்டில் ஒரு சிறு தொகையை மஹராக எழுதிவிட்டு, பின்வாசலில் லட்சங்களை வாங்குபவன் ஆணின் பொறுப்பைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன்.

மூன்று, விசாரணை. தலாக், குல்உ வழக்கு எதுவானாலும் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வாயாலேயே கேளுங்கள். மஹ்ரமோடு, மார்க்கம் அறிந்த ஒரு பெண்மணியையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். குல்உ கேட்பவளை அடங்காதவள் என்று ஏசாதீர்கள். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி கேட்டபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் (புகாரி).

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ஜமாஅத் உங்களுக்கு அநீதி செய்தால், அது அந்த மனிதர்களின் அநீதி. அல்லாஹ்வின் மார்க்கத்தின் அநீதி அல்ல. உங்கள் உரிமையைக் கேட்க வேறொரு கொள்கையிடம் சொற்களைக் கடன் வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. குர்ஆனைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கவ்லா (ரலி) அவர்கள் கேட்டதைப் போலக் கேளுங்கள்.

என்னிடம் வந்த அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உங்கள் மகளைக் கண்டிக்கச் சொன்னீர்கள். நிலத்தை அளந்து உங்கள் தங்கைக்குப் பங்கைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் மகள் மார்க்கத்துக்கு முரணாகப் பேசினால், நானே உட்கார்ந்து அவளோடு பேசுகிறேன்."

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளில் முறையிடும் குரல்களைக் கேட்கும் செவியை எங்களுக்குத் தருவாயாக! பிறர் ஹக்கை வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! எங்கள் பெண் மக்களின் ஈமானையும் கண்ணியத்தையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.