இணைகதிர்க் கருவி

கண்ணாடி இழையின் வழியே ஒளி செல்லும் விந்தையை இந்நாளில் அறியாதார் இலர். ஆயின், இழைமுனையை விட்டு வெளிப்பட்டபின் அவ்வொளி யாதாகின்றது எனச் சிந்திப்போர் சிலரே. அமராவதி வாய்க்காலின் நீர் கரைகளுக்குள் அடங்கி ஓடி, மடையைக் கடந்ததும் வயலிற் பரவுதல்போல, இழைக்குள் அடங்கியிருந்த ஒளியும் வெளிப்பட்டதும் கூம்பு வடிவாய் விரியும். அவ்விரிவைத் தடுத்துக் கிரணங்களை ஒன்றற்கொன்று இணையாகச் செலுத்துங் கருவியே காலிமேட்டர் என்பது. தமிழில் அதனை இணைகதிர்க் கருவி என்போம்.

இதன் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், 1986-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கி திரட்டும் விண்மீனொளி, ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள இழையின் வழியே நிறமாலைமானியை அடைகின்றது. அங்கே வில்லைத் தொகுதியொன்று அதனை இணைகதிராக்கிய பின்னரே நிறங்கள் பிரிக்கப்படுகின்றன. கதிர்கள் இணையாகாவிடின் நிறமாலைக் கோடுகள் மங்கும். மங்கிய கோடுகளால் விண்மீனின் வேகத்தையோ அதிலுள்ள மூலகங்களையோ செவ்வனே அறிதல் அரிது.

செய்திப் போக்குவரத்திற்குரிய இவ்வகைக் கருவியோ விரல்நுனியில் அடங்குவது. அதனைச் செய்யும் முறை வருமாறு: இழைமுனையைச் சிறு குழலொன்றிற் பசையிட்டுப் பொருத்தி, வழுவழுப்பாகத் தேய்த்து மெருகிடுவர். நேராகத் தேய்த்த முகத்தில் ஒளியின் நூற்றில் நான்கு பங்கு வரை வந்த வழியே மீளும். ஆதலின் முகத்தைச் சுமார் 8 பாகை சாய்த்துத் தேய்ப்பர். பின்னர் அம்முனையை வில்லையின் குவியத்தில் நிறுத்துவர். இங்கேதான் தொழிலின் நுட்பம் உள்ளது. 10 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லைக்கு, முனை பக்கவாட்டில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகினும், ஒரு மீட்டருக்கப்பால் கற்றை ஒரு மில்லிமீட்டர் தவறி விழும். முன்பின்னாக விலகினாலோ கதிர்கள் குவியும் அல்லது விரியும்.

ஆகையால், செய்யும்பொழுதே சோதித்தல் இன்றியமையாதது. கற்றையின் அகலத்தை அருகிலும் தொலைவிலும் அளப்பது ஒரு வழி. சற்றே ஆப்பு வடிவான தடித்த கண்ணாடித் தகட்டிற் கற்றையைச் சாய்வாக விழச்செய்வது மற்றொரு வழி. தகட்டின் இருமுகங்களிலும் பட்டு மீளும் ஒளிகள் கலந்து வரிகளைத் தோற்றுவிக்கும். அவ்வரிகள் குறித்த கோட்டிற்கு இணையாக நின்றால் கதிர்கள் இணையானவை, சாய்ந்தால் அல்ல. இரு கருவிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றினின்று மற்றொன்றிற் புகும் ஒளியின் அளவைக் காண்பதும் உண்டு.

சோதனை தேறியபின் பசையிட்டு, புறஊதா ஒளியால் இறுகச் செய்வர். இறுகும் பசை சிறிது சுருங்கி, சீராக நிறுத்திய முனையை அசைத்துவிடுதல் கூடும். ஆதலின் பசை இறுகியபின் மீண்டும் சோதிப்பர். வெப்பத்திலும் குளிரிலும் மாறிமாறி வைத்து மறுபடியும் சோதிப்பர்.

இத்தனை செய்தும் முற்றிலும் இணையான கற்றை கிட்டுவதில்லை. இழைமுனை எத்துணைச் சிறிதாயினும் புள்ளியன்று. அதற்கேற்ற சிறு விரிவு எஞ்சியே நிற்கும். நீண்ட குவியத்தூரமுள்ள வில்லையால் அதனைக் குறைக்கலாம், ஆனால் கற்றை பருக்கும். எவ்வளவு விரிவு தகும் என முன்னரே வரையறுத்து, அவ்வெல்லைக்குள் கருவி நிற்பதை அளந்து காட்டுதலே இத்தொழிலின் நேர்மையாம்.