பெண்களின் நிலையும் சமூகச் சீர்திருத்தமும்: ஆய்வு வினாவுக்கு விடையளித்தல்

மாணவர்களே, இவ்வலகிலிருந்து வினா வந்தால் உங்களிற் பலர் ஆண்டுகளை வரிசையாக எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடுகிறீர்கள். 1829 இல் பென்டிங் பிரபுவின் சதி ஒழிப்பு, 1856 இல் விதவைகள் மறுமணச் சட்டம், 1891 இல் சம்மத வயதுச் சட்டம், 1929 இல் சாரதா சட்டம். இவை சரியே. எனினும் "பெண்களின் நிலை எந்தளவுக்கு மாறியது? ஆராய்க" எனக் கேட்டால் பட்டியலுக்குப் பாதிப் புள்ளிதான் கிடைக்கும்.

விதவைகள் மறுமணச் சட்டம் ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் அயராத முயற்சியால் வந்ததாகும். (இதனை நிறைவேற்றியவர் டல்ஹௌசி என எழுதாதீர்கள். 1856 ஜூலையில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் கனிங்.) மறுமணம் செய்யும் விதவை, இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் இதே சட்டம் கூறியது. இக்குறைபாட்டைச் சுட்டிக்காட்டினாலே உங்கள் விடை ஆய்வாகத் தொடங்கும்.

அடுத்து ருக்மாபாய் வழக்கு. 11 வயதில் மணம் செய்து வைக்கப்பட்ட இவர், தாய்வீட்டிலேயே தங்கிப் படித்தார். வளர்ந்தபின் கணவனிடம் செல்ல மறுத்தார். கணவன் 1884 இல் பம்பாய் நீதிமன்றில் வழக்கிட்டான். 1885 இல் நீதிபதி பின்ஹே அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அறியாப் பருவத்தில் நடந்த மணத்தைக் காரணங்காட்டி, விரும்பாத பெண்ணை அனுப்ப முடியாது என்பது அவரது நிலைப்பாடு. திலகர் போன்ற தேசியவாதிகள் கூட இதை எதிர்த்தனர். மேன்முறையீட்டின்பின் 1887 இல் "கணவனுடன் வாழ், இல்லையேல் ஆறு மாதச் சிறை" எனத் தீர்ப்பாயிற்று. சிறைக்குச் செல்கிறேன் என்றார் ருக்மாபாய். 1888 இல் பணம் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் கற்று, டாக்டராகத் திரும்பினார்.

இதைக் கற்பித்த அன்று என் வகுப்பில் பின்வரிசைப் பேச்சும் நின்றுபோனது. கற்பிட்டிப் பக்கத்தில் சாதாரண தரம் எழுதியதும் கலியாணம் பேசப்பட்டு வகுப்பை விட்டு நின்ற பிள்ளைகளை அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களிற் கெட்டிக்காரிகளும் இருந்தார்கள்.

இவ்வழக்கும், 1890 இல் கல்கத்தாவில் விசாரிக்கப்பட்ட சிறுமி புல்மோனியின் மரண வழக்கும் எழுப்பிய விவாதமே 1891 இன் சட்டத்துக்கு வழிவகுத்தது. இங்கே கவனம்: அச்சட்டம் உயர்த்தியது சம்மத வயதை (10 இலிருந்து 12), விவாக வயதையன்று. விவாக வயதை நிர்ணயித்தது சாரதா சட்டமே: பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. அதுவும் மீறுவோருக்குத் தண்டனை விதித்ததேயன்றி, நடந்த விவாகத்தைச் செல்லாததாக்கவில்லை. இந்தியாவில் பெண்ணின் விவாக வயது 18 ஆனது 1978 இல். நமது நாட்டின் பொது விவாகச் சட்டத்தில் 1995 இல்.

ஆண் சீர்திருத்தவாதிகளை மட்டும் எழுதி நிறுத்தவேண்டாம். புனேயில் 1848 இல் கணவர் ஜோதிராவ் பூலேயுடன் பெண்கள் பாடசாலை நடத்திய சாவித்திரிபாய், 1911 இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்குப் பாடசாலை நடத்திய ரொக்கையா, சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறைக்கெதிராக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆகியோரில் இருவரையேனும் சேருங்கள்.

பயிற்சி: "சட்டங்கள் வந்தன, வழக்கங்கள் மெதுவாகவே மாறின." இக்கூற்றை 1856, 1891, 1929 ஆம் ஆண்டுச் சட்டங்களின் துணையுடன் ஆராய்க. (35 நிமிடம்)