விடைக்கோழி தூங்கி விழுகிறதா?

கோழி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் செருகி, மற்ற கோழிகள் மேயும்போது இது மட்டும் ஒதுங்கி நின்றால் நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். முட்டை வைக்கப்போகும் பருவத்து விடைக்கோழியை இழப்பது வீட்டுக்குப் பெரிய நஷ்டம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடாமல் அன்றே கவனியுங்கள்.

1. முதல் வேலை, தனியே பிரிப்பது. நிழலும் காற்றும் உள்ள இடத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அடியில் காய்ந்த உமியோ பழைய செய்தித்தாளோ பரப்பி அதில் விடுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனி. நல்ல கோழிகளைக் கவனித்த பிறகே நோய்க்கோழியிடம் போங்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. மருந்தைத் தேடுமுன் கோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நெஞ்செலும்பின் இருபுறமும் சதை வற்றி, எலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டுப்பட்டால் கோழி பல நாளாகவே இளைத்து வருகிறது. குடற்புழு இருக்கலாம். கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விடியற்காலையில், தீனி வைக்குமுன் தொடுங்கள். இரவெல்லாம் செரித்துக் காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கல்லுபோல் கெட்டியாக இருந்தால் நாரோ காய்ந்த புல்லோ அடைத்திருக்கிறது. ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால், பேன் இருக்கும் கோழியில் இறகின் அடித்தண்டில் வெள்ளையாக ஈர் அப்பியிருக்கும். கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. பாதி விஷயம் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

3. விரித்த செய்தித்தாளில் எச்சம் தெளிவாகத் தெரியும். பழுப்பு நிறமும் மேலே வெள்ளைத் தொப்பியும் இருந்தால் நல்ல எச்சம். பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போனால், கூடவே கொர்கொர் என்று மூச்சிழுப்போ கழுத்துத் திருகலோ இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்றே எண்ணி நடவடிக்கை எடுங்கள். இது வைரஸ் நோய். வந்தபின் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

4. எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். ஈரக் கூட்டில் வளரும் இளங்கோழிகளை அதிகம் தாக்கும். இதற்கு மருந்து உண்டு. ஆம்ப்ரோலியம் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து தரலாம். கூட்டின் ஈர உமியை அள்ளிக் கொட்டிப் புது உமி போடாவிட்டால் நோய் திரும்ப வரும்.

5. முதல் முட்டைக்குத் தயாராகும் கோழி வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைப்பாக இருக்கலாம். கை பொறுக்கும் சூட்டு நீரில் வயிறு நனையும்படி கால்மணி நேரம் உட்காரவைத்து, ஆசனவாயில் விளக்கெண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது. முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

6. தீனி எடுக்காத கோழிக்கும் தண்ணீர் வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தானாக விழுங்கட்டும். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள். நாக்கின் அடிப்பகுதியிலேயே மூச்சுக்குழாயின் துளை இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கொஞ்சம் தெளிந்ததும் நொய்க்கஞ்சி கொடுக்கலாம்.

7. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்தால் அம்மை. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுவது வழக்கம். கண்ணுக்குள் படாமல் தடவுங்கள்.

8. வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளவும் தப்பும், முட்டையிலும் மருந்து தங்கும். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

9. சாகுமுன் அறுத்துக் குழம்பு வைப்பதும், அவசரமாகச் சந்தைக்கு ஓட்டுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. ஒரு வீட்டுச் சீக்கு ஊர்ச் சீக்காவது இப்படித்தான். செத்த கோழியை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஓரிரு நாளில் பல கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

10. நோய்க்கோழிக்குத் தடுப்பூசி பலிக்காது. நல்ல கோழிக்கு முன்னாலேயே போட வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி. தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன், பிப்ரவரி வாக்கில், இலவச முகாம் நடத்துகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கிவிட்டு, உங்கள் கோழிகளை முகாமுக்குக் கொண்டுபோங்கள், பக்கத்து வீட்டாரையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.