நுண்ணுயிர் ஆக்கிய உலோகத் துகளும் அதன் புரதப் போர்வையும்

மோரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர் பொன்மணியும் ஆக்கவல்லது என்றால் நம்மிற் பலர் நகைப்பர். ஆயினும் இஃது ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த உண்மையாகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பினோஜ் நாயர், பிரதீப் என்னும் இருவர், மோரிலுள்ள இலற்றோபசிலசு என்னும் பற்றீரியாவைப் பொன், வெள்ளி ஆகியவற்றின் அயன்கள் உள்ள கரைசல்களோடு சேர்த்தனர். அப்பற்றீரியாவின் உடலினுள்ளே உலோக மணிகள் உருவாயின. இவ்வாய்வு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது.

மறு ஆண்டில், பூனா தேசிய இரசாயன ஆய்வுகூடத்தார் பியூசேரியம் என்னும் பங்கசைக் கொண்டு 5 முதல் 15 நனோமீற்றர் அளவான வெள்ளித் துகள்களைப் பெற்றமையை வெளியிட்டனர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் ஒன்றே நனோமீற்றர். இத்துணைச் சிறிய துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்பின. அவ்வாறு திரளாது அவற்றைக் காத்தவை பங்கசு சுரந்த புரதங்களே.

புரதம் உலோகத்தை எங்ஙனம் பற்றுகின்றது? வெள்ளிக் கொலுசு நாட்படக் கறுப்பதை நம் இல்லங்களிற் காண்கின்றோம். காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியோடு கூடுவதே அதற்குக் காரணம். புரதத்தின் அமினோ அமிலங்கள் சிலவற்றிலும் கந்தகம் உண்டு. அக்கந்தகமும், புரதத்திலுள்ள நைதரசனும் துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு துகளைச் சுற்றி ஒரு போர்வை அமைகின்றது.

இலக்கணம் பயின்றோர் இப்போர்வையின் சிறப்பை எளிதில் உணர்வர். ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் இரு சொற்களுக்கும் பகுதி ஒன்றே. வந்தவர் யாவர் என உணர்த்துவது விகுதி. அதுபோல, உள்ளே இருப்பது வெள்ளியேயாயினும், உயிர்க்கலம் முதலிற் சந்திப்பது புறத்தேயுள்ள புரதத்தையே. துகள் குருதியிற் புகுந்தால் குருதிப் புரதங்களும் அதன்மேற் படியும். துகள் எங்குச் செல்லும், வெள்ளி அயன்களை எவ்வளவு விரைவில் வெளிவிடும் என்பவற்றில் இப்போர்வைக்குப் பெரும் பங்குண்டு.

வெள்ளி கிருமிகளைக் கொல்லும். ஆதலின் புண்களுக்கு இடும் கட்டுகளில் அது பயன்படுகின்றது. எனினும் வெள்ளிக் கரைசலை நெடுநாள் உட்கொண்டோரின் தோல் நீலச் சாம்பல் நிறமாவதும் உண்டு. அந்நிறம் பின்னர் எளிதில் நீங்குவதில்லை. ஆகவே, ‘நுண்ணுயிர் ஆக்கியது, இயற்கையானது’ என்னும் பெயரை மாத்திரம் நம்பி ஒரு துகளை மருந்தெனக் கொள்ளலாகாது. அதன் உலோகம் யாது, போர்வை யாது என்னும் இரண்டையும் ஆராய்தல் வேண்டும்.

உலோகத்தை ஆராய இரசாயனமும், புரதத்தை ஆராய உயிரியலும் துணைநிற்கும். விழாக் காணும் இவ்வேளையில், வலப்பனை மலைச்சாரலிற் பயிலும் நம் மாணவர் இவ்விரு துறைகளையும் இணைத்துக் கற்று, அகமும் புறமும் ஒருங்கே ஆராயும் அறிஞராய் விளங்குவாராக.